தாயாக நடித்த மகள்

வெள்ளவத்தையில் நண்பர் வீட்டில் 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' ஆவணப்படத்தைப் பார்த்தேன். 2005இல் கனடாவில் ஹெலன் குளொடாவ்ஸ்கி இயக்கிய இது, மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜினி திராணகமவைப் பற்றியது. யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த அவர் 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

படத்தில் ராஜினியாக நடிப்பவர் அவரது மகள் சாரிகா. இதை மீளுருவாக்கம் என்பார்கள். அது சாட்சியமல்ல. சகோதரி நிர்மலாவும் கணவர் தயாபாலவும் தம் வாயால் சொல்வதே சாட்சியம். இரண்டையும் பிரித்தறிந்துதான் பார்க்கவேண்டும். ஆனாலும் தாயை இழந்த பிள்ளையே தாயாக வந்து நிற்பதை வேறெந்த நடிகையாலும் ஈடுசெய்ய முடியாது.

ராஜினியின் சொந்தச் சாட்சியம், மூவருடன் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' நூலில் இருக்கிறது. எல்லாத் தரப்பினரின் வன்முறையையும் அது பேசியது.

நம் வீடுகளில் ஒரு படம்கூட மிஞ்சாமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களை அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிந்துவைப்போம்.