அந்த வரியை எழுதியது ஒரு பெண்!



போன வருஷம் எங்கள் ஹாஸ்டல் டிவி ஹாலில் கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஓவருக்கு ஓவர் விளம்பரம். நடுவில் ஒரு கூல்டிரிங்க்ஸ் விளம்பரம் வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டோம். "எவன்டீ இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்கிறான்?" என்று கேட்டது வேறு யாருமில்லை, நான்தான். முப்பது பெண்கள் இருந்த ஹாலில் அந்த 'எவன்' யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான். பிறகு லைப்ரரியில் விளம்பரத் துறை பற்றிப் படிக்கப் படிக்கத்தான் அந்தக் கேள்வியே தப்பு என்று புரிந்தது. படித்ததில் மனசில் நின்றதை இங்கே எழுதுகிறேன்.

கூல்டிரிங்க்ஸிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'யே தில் மாங்கே மோர்' என்ற பெப்சி வாசகம் 1998-இல் வந்தது. 'இந்த மனசு இன்னும் கேட்குது' என்று அர்த்தம். பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். இலக்கணம் பார்க்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் 1999 கார்கில் போரில் ஒரு சிகரத்தைப் பிடித்தபோது கேப்டன் விக்ரம் பத்ரா வெற்றிச் செய்தியாகச் சொன்னது இந்த வாசகத்தைத்தான். அந்தப் போரிலேயே அவர் வீரமரணம் அடைந்தார். நாடு முழுக்க அந்த வார்த்தைகள் பரவின. அதை எழுதியவர் அனுஜா சவுகான். 1993-இல் டெல்லியில் ஹிந்துஸ்தான் தாம்சன் என்ற விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து, 17 வருஷம் அங்கேயே வேலை பார்த்தவர். மவுண்டன் டியூவின் 'டர் கே ஆகே ஜீத் ஹை', அதாவது 'பயத்தைத் தாண்டினால் ஜெயம்' என்பதும் அவருடையதுதான். மலையிலிருந்து பையன்கள் குதிக்கும் விளம்பரத்துக்கு வசனம் ஒரு அம்மா எழுதியது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பொதுவாக விளம்பரத்தில் பெண் என்றால் நமக்கு ஞாபகம் வருவது நடிக்கிற பெண்தான். புடவை, சோப்பு, ஷாம்பு, சிரிப்பு. நான் சொல்ல வருவது திரைக்குப் பின்னால் இருக்கிற பெண்களை. அதற்கு விளம்பரம் எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

சாமான் தயாரிக்கும் கம்பெனி தானே விளம்பரம் எழுதுவதில்லை. அதற்கென்று ஏஜென்சிகள் இருக்கின்றன. நமக்கு ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கொடுக்கும் முன் டிராயிங் கொடுப்பார்கள் அல்லவா? அதுபோல ஏஜென்சிக்கு ஒரு 'பிரீஃப்' வரும். என்ன பொருள், யாருக்கு விற்க வேண்டும், என்ன ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். வார்த்தைகளை யோசிப்பவர் காப்பிரைட்டர். படம், எழுத்துரு, பக்க அமைப்பு எல்லாம் ஆர்ட் டைரக்டர் பொறுப்பு. இரண்டு பேருக்கும் மேலே கிரியேட்டிவ் டைரக்டர். அவர் ஓகே சொன்னால்தான் விளம்பரம் வெளியே போகும். காப்பிரைட்டர் வரைக்கும் பெண்கள் வந்தது ரொம்ப நாளைக்கு முன்பே. மேலே அந்த நாற்காலிக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது.

அமெரிக்காவில் ஹெலன் லான்ஸ்டவுன் ரீசர் என்ற பெண் 1911-லேயே உட்பரி சோப்புக்கு எழுதிய வாசகம் பெரிய வெற்றி. அது சோப்பின் குணத்தை விட்டுவிட்டு, தொட ஆசைப்படும் சருமத்தைப் பற்றிப் பேசியது. சோப்பை வாங்குவது பெண்கள், அவர்கள் மனசு பெண்ணுக்குத்தான் தெரியும் என்று சொல்லி அந்த ஏஜென்சியில் பெண் எழுத்தாளர்களுக்கு இடம் கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கிடைத்த கதவு பெண்கள் சாமானுக்கான கதவு. சோப்பு, கிரீம், சமையல் மாவு, நகை. அதைத் தாண்டிக் கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும்.

நகை என்றதும் பிரான்சிஸ் கெரெட்டியைச் சொல்லியாக வேண்டும். 1943-இல் பிலடெல்பியாவில் ஏயர் என்ற ஏஜென்சியில் காப்பிரைட்டராகச் சேர்ந்தார். அவரிடம் வந்த வேலை டி பியர்ஸ் வைரம். இதில் ஒரு வினோதம் உண்டு. டி பியர்ஸ் கம்பெனி அப்போது ஏகபோகமாக இருந்ததால் அமெரிக்கச் சட்டப்படி அங்கே நேரடியாக வியாபாரம் பண்ண முடியவில்லை. ஆகவே 'எங்கள் கடை வைரத்தை வாங்குங்கள்' என்று எழுத வழியில்லை. பொதுவாக வைரம் என்ற எண்ணத்தையே விற்க வேண்டும். 1947-இல் ஒரு நாள் இராத்திரி, எல்லா விளம்பரமும் முடிந்த பிறகு, கடைசியில் போட ஒரு வரி இல்லையே என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கினார். 'எ டைமண்ட் ஈஸ் ஃபாரெவர்.' வைரம் என்றென்றைக்கும். மறுநாள் மீட்டிங்கில் யாரும் ஆகா ஓகோ என்று குதிக்கவில்லை. இலக்கணம் இடிக்கிறதே என்றுதான் பேச்சு. ஆனாலும் 1948 முதல் அந்த வரி வைர விளம்பரங்களில் வந்துகொண்டே இருக்கிறது. 1999-இல் அமெரிக்காவின் 'அட்வர்டைசிங் ஏஜ்' பத்திரிகை அதை நூற்றாண்டின் சிறந்த வாசகம் என்று அறிவித்தது. அதே வருஷம்தான் கெரெட்டி 83 வயதில் காலமானார். உலகத்துக்கே கல்யாண மோதிர வாசகம் எழுதிய அவர் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

இந்த வரியில் வியாபார தந்திரம் ஒன்றும் இருக்கிறது. என்றென்றைக்கும் என்று சொல்லிவிட்டால், வாங்கியவர் அதை விற்க மாட்டார். பழைய வைரம் மார்க்கெட்டுக்கு வராது. அவர் இதை நினைத்துத்தான் எழுதினாரா தெரியாது, ஆனால் அந்த நாலு வார்த்தை அந்த வேலையையும் செய்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஷெர்லி பாலிகாஃப் அம்மையார். ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம், நியூயார்க் புரூக்ளினில் பிறந்தவர். 1950-களில் அமெரிக்காவில் தலைக்குச் சாயம் போடும் பெண் என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நல்ல குடும்பத்துப் பெண் போட மாட்டாள் என்று எண்ணம். கிளைரால் கம்பெனியின் தலைச்சாயம் அவர் கைக்கு வந்தது. அவர் தன் சொந்தக் கதையை எடுத்தார். நிச்சயம் ஆவதற்கு முன் வருங்கால மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது, மாமியார் மகனிடம் தனியாகக் கேட்டாராம், இவள் தலைக்குச் சாயம் போடுகிறாளா இல்லையா என்று. அந்தக் கேள்வியையே 1956-இல் விளம்பரத் தலைப்பாக்கினார். 'போடுகிறாளா, இல்லையா?' கூடவே, அவளுடைய சிகையலங்காரக்காரிக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு வரி.

'லைஃப்' பத்திரிகை ஆசிரியர்கள் அதைப் போட மறுத்தார்கள். இரட்டை அர்த்தம் தொனிக்கிறதாம். அப்படியானால் உங்கள் ஆபீசில் வேலை செய்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள் என்று பதில் போனது. கேட்டார்கள். ஒரு பெண்ணுக்கும் அதில் விரசம் தெரியவில்லை. ஆண்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது! விளம்பரம் வெளியானது. படத்தில் கவர்ச்சிப் பெண்ணைப் போடாமல், குழந்தையோடு இருக்கும் தாயைப் போட்டார். குடும்பப் பெண் போடுகிற சாயம் என்று ஆயிற்று. அந்தக் காலத்தில் நூற்றுக்கு 7 பெண்கள் சாயம் போட்டார்கள் என்றால், 1970-களில் அது 40-ஐத் தாண்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவர் இருக்கும் வரை தன் சம்பளம் வருஷத்துக்கு 25,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று அவரே ஏஜென்சியிடம் சொல்லி வைத்திருந்தாராம், கணவரைவிட அதிகம் வாங்கினால் நன்றாக இருக்காது என்று. 1961-இல் கணவர் இறந்த பிறகுதான் ஏஜென்சி சம்பளத்தை இரட்டிப்பாக்கியது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அம்மா ஞாபகம்தான் வந்தது. அம்மா பீடி சுற்றுகிறார். சில வாரம் அப்பா கூலியைவிட அம்மாவுக்கு அதிகம் வரும். ஊரில் யாராவது கேட்டால் குறைத்துத்தான் சொல்வார். நியூயார்க் என்ன, நம்ம ஊர் என்ன!

பாலிகாஃப் மாமியாரை நினைத்து எழுதினார். அடுத்த தலைமுறைப் பெண் கோபத்தில் எழுதினார். 1973-இல் மெக்கன் ஏஜென்சியில் இலான் ஸ்பெக்ட் என்ற பெண் வேலை பார்த்தார். கிளைராலுக்குப் போட்டியாக லோரியல் தலைச்சாயம். விலையும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கூட இருந்த ஆண்கள் கொடுத்த யோசனை எல்லாம், ஜன்னல் ஓரம் ஒரு அழகி, காற்றில் ஆடும் திரைச்சீலை, அவளை யாரோ ரசிக்கிறார்கள் என்கிற ரகம். பெண்ணை ஒரு பொருள் மாதிரி வைக்கிறார்களே என்று கோபம் வந்து, ஐந்தே நிமிஷத்தில் எழுதிவிட்டார். விலை அதிகம் என்பதை மறைக்காமல் அதையே பேசி, கடைசியில் 'பிகாஸ் ஐயாம் வொர்த் இட்' என்று முடித்தார். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறது, அதனால் வாங்குகிறேன் என்று ஒரு பெண் தன் வாயாலேயே சொல்கிறாள். புருஷனுக்காக, மாமியாருக்காக என்ற பேச்சே இல்லை. ஸ்பெக்ட் 2024-இல் காலமானார். அந்த வரியை வைத்துத்தான் லோரியல் இன்றைக்கும் வியாபாரம் செய்கிறது.

சரி, இதுவரை நான் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். சோப்பு, மோதிரம், தலைச்சாயம். ஜெயித்ததும் அந்தக் கதவுக்குள்ளேயே. இது நமக்குப் புதுசில்லை. லேபில் நாலு பேர் ஒரு பேட்ச் என்றால் கனெக்‌ஷன் கொடுப்பது பையன்கள், ரீடிங் குறிப்பதும் ரெக்கார்டு எழுதுவதும் நாங்கள். 'உங்க கையெழுத்து நல்லா இருக்கு' என்பார்கள். பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கனெக்‌ஷன் கை பழகாமல் போவது மட்டும் மிச்சம்.

விளம்பரத்தில் இந்தக் கதவை உடைத்தது நியூயார்க்கில் டாயில் டேன் பெர்ன்பாக் என்ற ஏஜென்சியிலிருந்து வந்த பெண்கள். 1949-இல் அது ஆரம்பித்தபோதே காப்பி சீஃப், அதாவது எழுத்துப் பிரிவின் தலைமை, ஃபிலிஸ் ராபின்சன் என்ற பெண்தான். அதுவரை எழுதுபவர் எழுதிக் கொடுத்துவிடுவார், படம் போடுபவர் வேறு அறையில் போடுவார். இங்கே இருவரையும் ஒரே அறையில் சேர்த்து உட்கார வைத்தார்கள். யாருடைய யோசனை நன்றாக இருக்கிறதோ அதுதான் செல்லும்.

அங்கே வேலை பார்த்த பவுலா கிரீன் கையில் 1962-இல் வந்தது ஏவிஸ் என்ற வாடகைக் கார் கம்பெனி. 13 வருஷமாக லாபமே பார்க்காத கம்பெனி, ஹெர்ட்ஸுக்கு அடுத்து இரண்டாவது இடம். உங்களிடம் எதற்கு ஒருவர் கார் எடுக்க வேண்டும் என்று ஏஜென்சி கேட்டதற்கு, நாங்கள் கூடுதலாகப் பாடுபடுகிறோம், வேறு வழியில்லையே என்று பதில் வந்தது. அதையே வைத்து, நாங்கள் இரண்டாவது இடம்தான், அதனால் அதிகம் உழைக்கிறோம் என்று எழுதினார். 'வீ டிரை ஹார்டர்.' தான் இரண்டாவது என்று எந்தக் கம்பெனியாவது காசு கொடுத்துச் சொல்லிக்கொள்ளுமா? ஏவிஸ் சொன்னது. ஒரே வருஷத்தில் நஷ்டம் போய் லாபம் வந்தது. 50 வருஷம், 2012 வரை, அந்த வாசகம் ஓடியது. இரண்டாவது இடத்தில் இருப்பவர் எப்படி உழைக்க வேண்டியிருக்கும் என்பது அந்தக் காலத்து ஆபீசில் ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நம் மலர் மாணவர் சங்க மலர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1975-இல் அமெரிக்கப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் டிவி விளம்பரப் பாட்டுக்கு வரிகள் எழுதியதும் இதே பவுலா கிரீன்தான். பாடியவர்கள் சங்கத்தின் தொழிலாளர்களே.

அதே ஏஜென்சியில் தேர்ந்தவர் மேரி வெல்ஸ். பிறகு வேறு ஏஜென்சிக்குப் போய், 1965-இல் பிரானிஃப் விமானக் கம்பெனியின் விமானங்களுக்கே கலர் கலராகப் பெயிண்ட் அடிக்க வைத்தார். எல்லா விமானமும் ஒரே மாதிரி இருந்த காலம் அது. இவ்வளவு செய்தவருக்குத் தலைவர் பதவி கேட்டால், பெண் தலைவரை ஏற்க உலகம் இன்னும் தயாராகவில்லை, அதிகாரம் தருகிறோம், பணம் தருகிறோம், பட்டம் மட்டும் வேண்டாம் என்றார்கள். எழுந்து வந்துவிட்டார். 1966-இல் இரண்டு ஆண்களைச் சேர்த்துக்கொண்டு சொந்த ஏஜென்சி தொடங்கினார். நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர்தான் என்கிறார்கள். 2024-இல் 95 வயதில் மறைந்தார்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது அப்படி இல்லை என்று நினைக்க வேண்டாம். 2005-இல் கனடாவின் டொரன்டோவில், உலகத்தின் பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றின் கிரியேட்டிவ் தலைவர் நீல் ஃபிரெஞ்ச் என்பவர், பெண்கள் மேலே வராததற்குக் காரணம் அவர்களுக்குத் தகுதி போதவில்லை, குழந்தை குட்டி என்று போய்விடுவார்கள் என்கிற மாதிரி மேடையிலேயே பேசினார். எதிர்ப்பு கிளம்பி அந்த மாதமே ராஜினாமா செய்தார். 2012-இல் அமெரிக்காவில் கேட் கார்டன் என்ற பெண் ஒரு மாநாடு கூட்டி, அதற்கு '3 சதவீத மாநாடு' என்றே பெயர் வைத்தார். கிரியேட்டிவ் டைரக்டர்களில் பெண்கள் அவ்வளவுதான் என்று சுட்டிக்காட்டத்தான் அந்தப் பெயர்.

அனுஜா சவுகான் 2010-இல் விளம்பர வேலையை விட்டுவிட்டு முழுநேரம் நாவல் எழுதப் போனார். அதற்கு முன்பே 2008-இல் வந்த அவருடைய முதல் நாவல் 'தி ஜோயா ஃபேக்டர்'. கதாநாயகி விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், பின்னணி கிரிக்கெட். 2019-இல் சினிமாவாகவும் வந்தது.

இந்தத் துறைக்குள் போக என்ன படிக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். ஏஜென்சிகளில் காப்பிரைட்டர் வேலைக்கு 'காப்பி டெஸ்ட்' என்று ஒன்று வைப்பது வழக்கம். ஒரு சாதாரணப் பொருளைக் கொடுத்து, இதை விற்கிற மாதிரி எழுது என்பார்கள். மார்க் ஷீட்டைவிட அதற்குத்தான் மதிப்பு. சும்மா விளையாட்டுக்கு ரூமில் நாங்கள் நாலு பேரும் வைத்துப் பார்த்தோம். பொருள், நம் எல்லோர் தோளிலும் தொங்கிய மினி டிராஃப்டர். நான் துல்லியம், தரம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். எங்கள் ரூமில் யாருடனும் அதிகம் பேசாத சிவில் பிரிவுத் தோழி ஒரே வரிதான் எழுதினாள்:

"இதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறுங்கள், திட்டிக்கொண்டாவது இடம் விடுவார்கள்."