இலங்கைக் குடியரசு அரசியலமைப்பு (1972)

1972 இலங்கைக் குடியரசு அரசியலமைப்பு என்பது இலங்கையின் முதலாவது குடியரசு அரசியலமைப்பு ஆகும். இது 1972 மே 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் மூலம் பிரித்தானிய முடியுடனான தொடர்பு நீங்கியது. ஆங்கிலத்தில் சிலோன் எனப்பட்ட நாட்டின் பெயர் ஸ்ரீ லங்கா ஆனது.

பின்னணி

1948இல் விடுதலை பெற்றபோது இலங்கையில் சோல்பரி அரசியலமைப்பு நடைமுறையில் இருந்தது. அதன் 29ஆம் பிரிவு, ஓர் இனத்திற்கோ மதத்திற்கோ மட்டும் பாதகமோ சலுகையோ தரும் சட்டங்களைத் தடை செய்தது. இக்காப்பு மாற்ற இயலாதது என இலண்டன் பிரிவி கவுன்சில் 1964இல் கருத்துத் தெரிவித்தது.

1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கா தலைமையிலான ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான இடங்களைப் பெற்றது. பழைய சட்டத்தைத் திருத்தாமல், நாடாளுமன்ற உறுப்பினர்களையே தனி அரசியல் நிர்ணய சபையாகக் கூட்டிப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. சபை 1970 சூலை 19 அன்று கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் முதன்முதலாகக் கூடியது. அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா இப்பணிக்குப் பொறுப்பாக இருந்தார்.

முக்கிய கூறுகள்

* இலங்கை ஒற்றையாட்சி அரசு.
* பௌத்தத்திற்கு முதன்மை இடம். பிற மதத்தவருக்கு வழிபாட்டுரிமை.
* 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி சிங்களம் ஆட்சிமொழி.
* ஓரவை கொண்ட தேசிய அரசுப் பேரவையே அரசின் உயர் அதிகார அமைப்பு. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றங்கள் செல்லாதென அறிவிக்க இயலாது.
* பிரதமரால் நியமிக்கப்படும் சனாதிபதி. கடைசி மகாதேசாதிபதி (தலைமை ஆளுநர்) வில்லியம் கொபல்லாவ முதல் சனாதிபதி ஆனார்.

அடிப்படை உரிமைகள் பட்டியலிடப்பட்டன. ஆனால் 29ஆம் பிரிவின் காப்பு இடம்பெறவில்லை.

ஒப்பீடு

கரிபியன் தீவு நாடான திரினிடாட் டொபாகோ 1976இல் குடியரசானபோது செனட் சபையையும் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டையும் தக்க வைத்துக்கொண்டது. இலங்கையில் இவ்விரண்டும் 1971இலேயே நீக்கப்பட்டிருந்தன. எனவே பேரவைப் பெரும்பான்மையைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் குறைவாகவே இருந்தன.

தமிழர் நிலைப்பாடு

ஒற்றையாட்சிக்கு மாற்றாகக் கூட்டாட்சி கோரித் தமிழரசுக் கட்சி கொண்டுவந்த திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. மொழி குறித்த கோரிக்கைகளும் ஏற்கப்படாததால் அக்கட்சி 1971 சூனில் சபையிலிருந்து விலகியது. கட்சித் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் 1972 அக்டோபரில் காங்கேசன்துறை உறுப்பினர் பதவியைத் துறந்தார். 1975 பெப்ரவரியில்தான் நடத்தப்பட்ட இடைத்தேர்தலில் அவர் பெருவெற்றி பெற்றார். 1976 மே 14 அன்று நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனி அரசைக் கோரியது.

முடிவு

1978 செப்டம்பர் 7 அன்று நடைமுறைக்கு வந்த இரண்டாம் குடியரசு அரசியலமைப்பு இதனை நீக்கியது. அதில் தமிழ் தேசிய மொழியானது. 1987இல் 13ஆம் திருத்தத்தின் மூலம் ஆட்சிமொழியும் ஆனது. ஒற்றையாட்சியும் பௌத்தத்தின் முதன்மை இடமும் தொடர்கின்றன.