பூஜ்யத்தால வகுத்தா என்ன ஆகும் பாஸ்?

இடம்: சி புரோகிராமிங் லேப். நேரம்: பிராக்டிகல் எக்ஸாம். குலுக்கல்ல உங்களுக்கு வந்த கேள்வி, ‘எளிய கால்குலேட்டருக்கு புரோகிராம் எழுதுக’. ஜாக்பாட்! ரெக்கார்டு நோட்டுல இருக்கறதை முந்தின நாள் ராத்திரியே உருப்போட்டாச்சு. ஒரு செமிகோலன்கூடப் பிசகாம அடிச்சு, ரன் பண்ணி, 5 கூட்டல் 3, எட்டுனு காட்டறீங்க. எக்ஸ்டர்னல் தலையை ஆட்டிட்டு கூலா கேட்கறார்... “7-ஐ பூஜ்யத்தால வகுத்துக் காட்டுப்பா!”

வகுத்தா, புரோகிராம் படுத்துடுச்சு. கூடவே நீங்களும்!

உங்களுக்கு எப்படியோ, எனக்கு முதல் வருஷத்துல இதுதான் நடந்துச்சு. மார்க் போனதுகூடப் பரவாயில்லை. “இந்த வரி எதுக்கு?”னு கேட்டப்ப, நானே டைப் பண்ணின வரிக்கு எனக்கே அர்த்தம் தெரியலை. அதுதான் குத்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே நோட்டை மூடி வெச்சுட்டு, அதே கால்குலேட்டரை முதல்ல இருந்து எழுத உட்கார்ந்தேன். முப்பது வரி புரோகிராமுக்கு மூணு நாள் ஆச்சு. ஆனா, அந்த மூணு நாள்ல கத்துக்கிட்ட மாதிரி மொத்த செமஸ்டர்லயும் கத்துக்கலை!

சின்ன விஷயம் இல்லீங்க!

‘கால்குலேட்டர்தானே’னு இளப்பமா நினைக்காதீங்க. பிரான்ஸ்ல பிளேஸ் பாஸ்கல் 1642-ல் கணக்குப் போடும் மெஷினை உருவாக்க ஆரம்பிச்சப்ப, அவருக்கு இருபது வயசுகூட ஆகலை. வரி வசூல் வேலையில இருந்த அப்பா கணக்கோடு மல்லுக்கட்டறதைப் பார்த்துதான் அந்த ஐடியாவே வந்துச்சு. அவ்வளவு ஏன்... 1971-ல் இன்டெல் வெளியிட்ட 4004 மைக்ரோபிராசஸர்கூட, ஜப்பானின் பிஸிகாம் கம்பெனி கால்குலேட்டருக்காக உருவானதுதான்!

முதல்ல பேப்பர், பேனா

கம்ப்யூட்டரை ஆன் பண்றதுக்கு முன்னாடி, வேலையைத் தமிழ்லயே எழுதிப் பாருங்க. மொத்தம் மூணே வேலை. ஒரு நம்பர், ஒரு குறி, இன்னொரு நம்பர்னு வாங்கணும். குறியைப் பார்த்து என்ன கணக்குனு முடிவு பண்ணணும். விடையைக் காட்டணும். நடு வேலைக்கு ‘ஸ்விட்ச்’ இருக்கு. நாலு குறிக்கு நாலு ‘கேஸ்’. வேற எதையாவது தட்டினா, ‘தப்பான குறி’னு சொல்ல ஒரு ‘டிஃபால்ட்’. அவ்ளோதான்!

இப்ப எழுதி ரன் பண்ணுங்க. கண்டிப்பா சொதப்பும். சொதப்பட்டும், அதுக்குத்தானே உட்கார்ந்திருக்கோம்!

சொதப்பல் 1: பிரேக் பிடிக்கலை

5 கூட்டல் 3 கேட்டா 8, 2, 15, 1-னு நாலு விடை வருதா? கூடவே ‘தப்பான குறி’னு திட்டும் விழுதா? ஒவ்வொரு கேஸ் முடிவுலயும் ‘பிரேக்’ போட மறந்துட்டீங்க. பிரேக் இல்லாத பஸ் மாதிரி, கூட்டல் ஸ்டாப்ல ஏறினது கழித்தல், பெருக்கல், வகுத்தல்னு கடைசி ஸ்டாப் வரைக்கும் நிக்காம போயிடும்.

சொதப்பல் 2: என்டரை முழுங்கிடுச்சு

முதல் நம்பரைக் கொடுத்துட்டு என்டர் தட்டினா, குறியைக் கேட்காமலே தாண்டிப் போகுதா? பேய் எல்லாம் இல்லை. நீங்க தட்டின என்டரும் ஒரு எழுத்துதான். ‘ஸ்கேன்எஃப்’ அதையே குறினு நினைச்சு எடுத்துக்குச்சு. குறியை வாங்கற இடத்துல, சதவீதக் குறிக்கு முன்னாடி ஒரே ஒரு ஸ்பேஸ் விடுங்க. சரியாயிடும். ஒரு நாள் முழுக்க என்னை அழவெச்சது இந்த ஒரு ஸ்பேஸ்!

சொதப்பல் 3: பாதியைக் காணோம்

7-ஐ 2-ஆல் வகுத்தா 3-னு சொல்லும். ‘இன்ட்’டுக்கு முழு எண் மட்டும்தான் தெரியும், தசமத்தை வெட்டி எறிஞ்சுடும். விடையை மட்டும் ‘டபுள்’ல போட்டாலும் 3.0-தான் வரும். வகுக்கறப்பவே வெட்டிடுதே! வாங்கற நம்பரையே ‘டபுள்’ல வாங்கினாதான் 3.5 கிடைக்கும்.

சொதப்பல் 4: மிஸ்டர் பூஜ்யம்

இப்ப நம்ம எக்ஸ்டர்னல் கேள்விக்கு வருவோம். ‘இன்ட்’ல பூஜ்யத்தால வகுத்தா பெரும்பாலான கம்ப்யூட்டர்கள்ல புரோகிராம் பாதியிலயே செத்துடும். ‘டபுள்’ல சாகாது. ஆனா, முடிவிலினு அர்த்தம் வர்ற மாதிரி எதையோ காட்டும். ரெண்டுமே எதிர்ல உட்கார்ந்திருக்கறவருக்குப் புரியாது. வகுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ‘இஃப்’ போட்டு, ‘பூஜ்யத்தால வகுக்க முடியாது’னு சொல்லிட்டா மேட்டர் ஓவர்.

‘இதெல்லாம் ஒரு மார்க் விஷயம்’னு தோணுதா? 1997-ல் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் கப்பல்ல ஒருத்தர் டேட்டா கட்டத்துல பூஜ்யத்தை அடிச்சார். கம்ப்யூட்டர் அந்தப் பூஜ்யத்தால வகுக்கப் போய், நெட்வொர்க்கே படுத்து, அவ்வளவு பெரிய போர்க்கப்பல் நடுக்கடல்ல நின்னு போச்சு! ஏதோ ஒரு இடத்துல ஒரு ‘இஃப்’ இல்லை, அவ்வளவுதான்.

சரி, அடுத்து?

இன்னிக்கு ஏஐகிட்ட கேட்டா, சில செகண்டுல முழு புரோகிராமையும் கொடுத்துடும். ரெக்கார்டு நோட்டும் அதைத்தான் கொடுத்துச்சு. ரெண்டுமே விடையைத்தான் கொடுக்கும். “இந்த வரி எதுக்கு?”ங்கற கேள்விக்கு வைவாவுலயும் சரி, இன்டர்வியூவுலயும் சரி, நீங்கதான் பதில் சொல்லணும். நாலு சொதப்பலையும் நீங்களே தேடிப் பிடிச்சிருந்தா, அந்தப் பதில் தானா வரும்.

அடுத்த லெவலுக்கு ஒரு ஹோம்வொர்க். 2 + 3 × 4-னு ஒரே மூச்சுல கொடுங்க. சாதாரணக் கடை கால்குலேட்டர் 20-னு சொல்லும், சயின்டிஃபிக் கால்குலேட்டர் 14-னு சொல்லும். உங்களோடது 14 சொல்லணும்னா பெருக்கலை முதல்ல கவனிக்கணும். அதுக்கு ‘டேட்டா ஸ்ட்ரக்சர்’ கிளாஸ்ல நாம தூங்கிக்கிட்டே கேட்ட ‘ஸ்டாக்’ வேணும். இதுக்கு டைக்ஸ்ட்ரா 1961-லயே வழி சொல்லிட்டார்!

எழுதி முடிச்சதும் ரூம்மேட்டைக் கூப்பிட்டு கீபோர்டைக் கையில கொடுங்க. கண்டதையும் தட்டச் சொல்லுங்க. அப்பவும் உங்க கால்குலேட்டர் படுக்கலைனா... காலரைத் தூக்கி விட்டுக்கங்க பாஸ், நீங்க புரோகிராமர்!