காற்றுக் குழாய்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நம் விருத்தாசலத்திலும் கழிப்பறைப் பீங்கானின் அடிவளைவை யாரும் கவனிப்பதில்லை. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற 'எஸ்' வளைவே அதன் முன்னோடி. அதில் தேங்கும் சுமார் 50 மில்லிமீட்டர் நீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கும் கதவு.

கழிவுநீர் வேகமாக இறங்கினால் குழாயினுள் அழுத்தம் குறையும். அறைக்காற்று அந்நீரைக் குழாய்க்குள் தள்ளிவிடும். கதவு திறந்துகொள்ளும்! கூரைக்குமேல் நீளும் காற்றுக் குழாயே அழுத்தத்தைச் சமன்செய்து இதைத் தடுக்கிறது.

குளியலறையைப் புதுப்பிப்போர், "தண்ணீர் போகாத குழாய்தானே" என்று அதை அடைத்துவிடலாகாது. இடம் மாற்றலாம்; ஆனால் கிடைக்குழாயைப் பீங்கான் விளிம்பைவிட உயரத்தில், கழிவுக்குழாய்ப் பக்கம் சரிவாக அமைத்து, மீண்டும் கூரைக்குமேல் ஏற்ற வேண்டும்.

சாக்கடை வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு செறிவு மிகுந்தால் மூக்கே மரத்துப்போகும். ஆகவே, நாற்றமில்லை என்பதற்கு ஆபத்தில்லை என்று பொருளன்று.