உங்களுக்குத் தெரியுமா? கடலுக்கடியில் ஃபிளாஷும் ஷட்டரும்

● பிரெஞ்சு உயிரியலாளர் லூயி பூத்தான் 1893-ல் பன்யூல்ஸ் கடலில் படம் எடுக்க இறங்கியபோது கூடவே இறக்கிய ஃபிளாஷ், ஒரு பெரிய மரப் பீப்பாய். அதற்குள் ஆக்சிஜன். பீப்பாயின் தலையில் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் எரியும் ஸ்பிரிட் விளக்கு. ரப்பர் பந்தை அமுக்கினால் மெக்னீசியத் தூள் சுடரில் விழுந்து பளீரென்று எரியும். ஷட்டர் வேகம் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. திறந்து வைத்துவிட்டுத் தூளை எரிக்க வேண்டியதுதான். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த சில படங்களுக்கு அரை மணி நேரம்வரை ஆனதாம்!

● நீருக்கடியில் எடுத்த முதல் வண்ணப்படம் 1926-ல், ஃபுளோரிடாவை ஒட்டிய டிரை டார்ட்டுகாஸ் தீவுப் பகுதியில் கிடைத்தது. எடுத்தவர்கள் மீன் ஆய்வாளர் வில்லியம் லாங்லியும் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் சார்ல்ஸ் மார்ட்டினும். மேலே மிதக்கும் தெப்பத்தில் மெக்னீசியத் தூளைக் குவித்து வெடிக்கவைத்து, அந்த வெளிச்சத்தில் கீழே மீனைப் படம்பிடித்தார்கள். ஒருமுறை தூள் முந்திக்கொண்டு வெடித்ததில் லாங்லிக்குத் தீக்காயம். படங்கள் 1927 ஜனவரி இதழில் வந்தன.

● ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பாதி கறுப்பாக இருந்தால் ஃபிளாஷைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி ஷட்டர்தான். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை விலகி வழி விடும். இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். 1/60 வினாடியில் இரண்டுக்கும் நடுவே சென்சார் முழுவதும் திறந்திருக்கும் ஒரு கணம் கிடைக்கிறது. ஃபிளாஷ் அடிப்பது அந்தக் கணத்தில்தான். 1/1000 வைத்தாலும் திரைகள் ஓடும் வேகம் கூடுவதில்லை. முதல் திரை ஓடி முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். இடையே ஒரு மெல்லிய பிளவு மட்டும் சென்சார்மேல் நகர்ந்து போகும். ஃபிளாஷ் மின்னும் நேரத்தில் பிளவு எங்கே இருக்கிறதோ அந்தப் பட்டைக்கு மட்டும் வெளிச்சம். சென்சார் முழுவதும் திறந்திருக்கும் மிகக் கூடிய வேகத்துக்கு ‘சிங்க் ஸ்பீட்’ என்று பெயர். இன்றைய கேமராக்கள் பலவற்றில் அது 1/200 அல்லது 1/250.

● கடலுக்கடியில் இந்த வரம்பு ஏன் கூடுதலாக உறுத்துகிறது? அங்கே ஒரே படத்தில் இரண்டு வெளிச்சங்கள். பின்னணி நீலம் சூரியனுடையது; முன்னால் இருக்கும் மீனின் நிறம் ஃபிளாஷுடையது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் நீலம் மட்டும் இருளும். ஃபிளாஷ் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அடித்து ஓய்ந்துவிடுவதால் மீனின் வெளிச்சம் அப்படியே நிற்கும். 1/60-லிருந்து 1/250-க்குப் போனால் நீலம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். பின்னணியை ஷட்டராலும் மீனை அபர்ச்சராலும் (லென்ஸின் துளை அளவு) ஃபிளாஷின் பவராலும் சரிசெய்வது நீர்மூழ்கிப் படக்காரர்களின் அன்றாடப் பாடம்.

● ஆழம் குறைந்த இடத்தில் சூரியனையே படத்துக்குள் கொண்டுவர ஆசைப்பட்டால்தான் சிக்கல் தெரியும். கதிர்கள் கீற்றுக் கீற்றாகத் தெரிய வேகமான ஷட்டர் வேண்டும். சிங்க் ஸ்பீட் அங்கே வந்து கையைப் பிடிக்கும். சரி, அபர்ச்சரைச் சுருக்கலாம் என்றால் ஃபிளாஷ் வெளிச்சமும் சேர்ந்தே சுருங்கும். ஃபிளாஷை முழு பவரில் வைத்து, மீனுக்கு இன்னும் கிட்டே நீந்திப் போவதுதான் மிச்சமுள்ள வழி.

● கிட்டே போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஒரு மீட்டர் தூரத்து மீனுக்கு ஃபிளாஷ் வெளிச்சம் போக ஒரு மீட்டர், திரும்பி வர ஒரு மீட்டர் என இரண்டு மீட்டர் தண்ணீரைக் கடந்தாக வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்ட்ரோபும் (நீர்மூழ்கி ஃபிளாஷ்) ஓரிரு மீட்டருக்கு அப்பால் நிறத்தை மீட்டுத் தராது.

● 20 மீட்டர் ஆழத்தில் கையில் கீறல் பட்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். ஃபிளாஷ் அடித்தால் சிவப்பு!

● கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவின் கப்பல் ஆட்கள் ‘பாப்பா ஃபிளாஷ்’ என்று செல்லமாக அழைத்தவர், எம்.ஐ.டி. பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன். துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைக்கும் கணத்தைப் படமாக்கிய அதே ஆள்.

● அந்தக் கப்பலின் பெயர் கலிப்ஸோ. அதே பெயரில் பெல்ஜியப் பொறியாளர் ழான் த வூட்டர்ஸ் வடிவமைத்த நீர்மூழ்கிக் கேமராவை நிக்கான் வாங்கி, 1963-ல் ‘நிக்கோனாஸ்’ என்று வெளியிட்டது. 1984-ல் வந்த நிக்கோனாஸ் 5-லும் சிங்க் ஸ்பீட் 1/90-தான். பழைய இதழ்களின் அற்புதமான பவளப்பாறைப் படங்கள் பல இந்த வரிசைக் கேமராக்களில் எடுத்தவை என்பதை வேகம் போதவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

● லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாகத் திறந்து மூடும் ஷட்டர் கொண்ட சிறிய காம்பாக்ட் கேமராக்களுக்குத் திரைத் தொல்லை கிடையாது. 1/1000-க்கு மேலும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும். ஆனால் பெரிய ஸ்ட்ரோப் முழு பவரில் எரிந்து முடியச் சில மில்லி வினாடிகள் பிடிக்கலாம். அதற்குள் ஷட்டர் மூடிவிட்டால் மீதி வெளிச்சம் வீண்.

● ‘ஹை ஸ்பீட் சிங்க்’ என்றொரு குறுக்குவழி உண்டு. பிளவு ஓடி முடியும்வரை ஃபிளாஷ் பொடிப்பொடியாகத் துடித்துக்கொண்டே இருக்கும். பவர் வெகுவாகக் குறைந்துவிடும். தரையில் அதைச் சமாளிக்கலாம். தண்ணீரில் ஒவ்வொரு சாணும் வெளிச்சத்தைத் தின்கிறதே!

● 2023-ல் சோனி அறிவித்த ஏ9 மூன்றாம் மாடலில் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் பதிவாகிறது. திரையும் இல்லை, பிளவும் இல்லை. 1/80,000 வரை ஃபிளாஷ் போடலாம். அந்த வேகத்தில் ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் ஒரு துணுக்குதான் கேமராவுக்குள் போகும் என்பது வேறு கதை.

● சிங்க் ஸ்பீட் கதையில் ஒரு வேடிக்கை, 2006-ல் வந்த நிக்கான் டி40. அன்றைய நிக்கானின் லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் கேமராக்களிலேயே விலை குறைந்த, புதிதாகப் பழகுபவர்களுக்கான கேமரா. அதற்கு 1/500 சிங்க். அதைவிட விலை கூடிய டி200-க்கு 1/250. காரணம், டி40-இன் சென்சார் வேகமான ஷட்டர் வேலையை மின்னணு முறையில் தானே பார்த்துக்கொண்டது. மறு ஆண்டே வந்த டி40எக்ஸில் சென்சாரை மாற்றினார்கள். சிங்க் 1/200-க்கு இறங்கிவிட்டது.