கைப்பேசிச் செயலியும் வீட்டுத் தமிழும்

நம் வீடுகளில் இன்று ஆளுக்கொரு கைப்பேசி. அவற்றில் பெரும்பாலானவற்றை இயக்குவது ஆண்ட்ராய்டு. செயலிகளைப் பயன்படுத்த நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் "நாமே ஒன்று எழுதலாமே" என்றால், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க வேலை சார்" என்று பதில் வருகிறது. அப்படியல்ல என்பதையும், வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனிப் பங்கு உண்டு என்பதையும், மென்பொருள் துறையில் இருப்பவன் என்ற முறையில் இங்கே விளக்க விரும்புகிறேன்.

திறந்த மூலம்

ஆண்ட்ராய்டு 2003இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு சிறு நிறுவனமாகத் தொடங்கியது. 2005இல் கூகுள் அதை வாங்கியது. 2008இல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு மூலநிரலும் வெளியிடப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ்தான் இதற்கு அடித்தளம்.

மூலநிரல் திறந்திருப்பது என்றால் என்ன? கடையில் பொடி வாங்குவது ஒன்று. பொடியோடு பக்குவத்தையும் எழுதி வாங்கிக்கொள்வது வேறொன்று. இது இரண்டாவது வகை. யாரும் படிக்கலாம், மாற்றலாம், தம் கருவியில் பயன்படுத்தலாம். ஆனால் கூகுளின் பிளே ஸ்டோர், மேப்ஸ் போன்றவை இதில் சேரா; அவற்றின் பக்குவம் கூகுளிடமே இருக்கிறது.

எழுதத் தேவையானவை

ஒரு கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, கோட்லின் அல்லது ஜாவா மொழி. இவை போதும். நிரல்மொழி அறியாத சிறுவர்களுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. நடத்தும் ஆப் இன்வென்டர் இருக்கிறது. கட்டைகளை அடுக்குவதுபோல் அடுக்கியே எளிய செயலி செய்துவிடலாம்.

திரையில் தோன்றும் சொற்களை நிரலுக்குள் எழுதாமல் 'வேல்யூஸ்' என்ற ஃபோல்டரில் தனியே வைப்பதே முறை. பக்கத்தில் 'வேல்யூஸ்-டிஏ' என்று இன்னொரு ஃபோல்டர் வைத்து அதே சொற்களைத் தமிழில் எழுதிவிட்டால், தமிழுக்கு மாற்றி வைத்த கைப்பேசி அதைத் தானே எடுத்துக்கொள்ளும். 'டிஏ' என்பது தமிழின் உலகக் குறியீடு. இந்த ஃபோல்டருக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இலக்கணம் குறுக்கிடும் இடம்

சிக்கல் இனிமேல்தான். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன் 'இன்' என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது, பெயர் மாறாது. அதே பழக்கத்தில் தமிழ்ப் பெயரின் பின்னால் 'இல்' என்று ஒட்டினால் திரையில் 'சேலம்இல்', 'ஈரோடுஇல்' என்று வந்து நிற்கும். நாமோ சேலத்தில், ஈரோட்டில், சென்னையில் என்கிறோம். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாகத் திரிகிறது.

இதை நம் சங்கத்துப் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒரு பையன், "அங்கிள், சேலத்திலங்கறதுல அந்த 'த்து' எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன், பின்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், "அது அத்துச் சாரியைடா கண்ணா, மரத்தில், குளத்தில்னு சொல்றோமே, அதேதான்" என்றார். பிறகு எல்லோருமாக 'ஊர்: சேலம்' என்று வாக்கியத்தையே மாற்றி அமைத்தோம். திரியும் இடமே இல்லாமல் போயிற்று.

எழுத்தை எண்ணுவதும் அப்படியே. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கணினியிடம் கேட்டால் 5 என்று சொல்லும். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தும் தனித்தனி. நமக்கோ மூன்றே எழுத்து. சொல் விளையாட்டுச் செயலி எழுதுபவர் இதைக் கவனிக்காவிட்டால் விளையாட்டே தப்பாகும். எழுத்தின் எல்லையைக் கண்டறியும் பிரேக் இட்டரேட்டர் என்ற கருவி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. அதைக் கொண்டு எண்ணினால் மூன்று என்றே வரும்.

நாம் செய்யக்கூடியது

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்கு நிரல் எழுத வரும், தமிழ் எழுத வராது. பெரியவர்களுக்கோ சாரியையும் புணர்ச்சியும் தெரியும், நிரல் தெரியாது. ஒரு நல்ல தமிழ்ச் செயலிக்கு இரண்டும் வேண்டும். "தமிழ் படி" என்று சொல்லிச் சொல்லி அலுத்த வீட்டில், பிள்ளையே தாத்தாவிடம் வந்து "இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்க இது ஒரு காரணமாகும். கேட்பார் இல்லாமல் போனால், இரண்டு தலைமுறைக்குள் அந்த அறிவு நம் வீடுகளிலிருந்து போய்விடும் என்பதே என் கவலை.

செய்த செயலியைப் பிளே ஸ்டோரில் வெளியிட ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். கணக்கு வயதுவந்தவர் பெயரில் இருக்கவேண்டும். இன்றைய விதிப்படி, புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர் குறைந்தது 12 பேரைக் கொண்டு 14 நாட்கள் தொடர்ந்து சோதித்த பிறகே பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கலாம். தனி ஆளுக்கு இது கடினம். நம் சங்கத்தில் 12 பேர் கிடைக்கமாட்டார்களா என்ன?