ஒற்றைப் புகைப்படமும் இரண்டு கண்களும்: ஆழத்தை ஊகிக்கும் மென்பொருள்கள்

யுத்தத்துக்குப் பிறகு பல குடும்பங்களிடம் எஞ்சியிருப்பது ஒரேயொரு புகைப்படம்தான். அடையாள அட்டைக்காக எடுத்தது, பாடசாலைக் குழுப்படத்திலிருந்து வெட்டியது, இடம்பெயரும்போது மடித்து வைத்ததால் நடுவே கோடு விழுந்தது. அப்படியான தட்டைப் படத்தை முப்பரிமாணமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் செயலிகள் இப்போது கையடக்கத் தொலைபேசிகளில் நிறைய வருகின்றன.

நான் வசிக்கும் ஹந்தானையில் ஓர் அம்மா இதைப் பற்றி என்னிடம் கேட்டார். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் அவரது அண்ணனின் குடும்பமும் ஒன்று. அண்ணனின் மகன் 2009இல் காணாமலாக்கப்பட்டவர். அவரது படத்துக்கு அந்த வீட்டில் மாலை போடுவதில்லை. “தம்பி, புள்ள நேர்ல நிக்கிற மாதிரி தெரியுமாமே, செஞ்சி தருவீங்களா?” என்றார்.

செய்யலாம். ஆனால், அதில் எது அந்தப் பிள்ளையின் படம், எது இயந்திரத்தின் ஊகம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆழம் எங்கிருந்து வருகிறது?

நமது கண்கள் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 6.5 சென்ரிமீற்றர் இடைவெளி உண்டு. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்று வேறுபட்ட காட்சியைப் பார்க்கிறது. அருகிலுள்ள பொருளில் வேறுபாடு அதிகம்; தொலைவிலுள்ளதில் குறைவு. மூளை இதை ஆழமாக உணர்கிறது. சார்ள்ஸ் வீட்ஸ்டன் 1838இல் இதை விளக்கி, இரட்டைப் படங்களைப் பார்க்கும் கருவியையும் அறிமுகப்படுத்தினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அண்டர்வுட் அன்ட் அண்டர்வுட் நிறுவனம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களையும் இவ்வாறு இரட்டைப் பட அட்டைகளாக விற்றது. அவை இரண்டு கோணங்களில் உண்மையிலேயே எடுக்கப்பட்டவை. நம்மிடம் இருப்பதோ ஒரே கோணம். இரண்டாவதை உருவாக்கத்தான் வேண்டும்.

மூன்று படிகள்

பைதன் நிரல்மொழியில் இதற்கான இலவச நூலகங்கள் இருக்கின்றன.

முதற்படி, ஆழத்தை ஊகித்தல். இன்டெல் ஆய்வாளர்கள் 2019 முதல் வெளியிட்ட மைடாஸ், 2024இல் வந்த டெப்த் எனிதிங் ஆகிய மாதிரிகள் ஒரே படத்தைப் பார்த்து எது முன்னே, எது பின்னே எனக் கணிக்கின்றன. இவை பைடோர்ச் நூலகத்தின் மேல் இயங்குபவை.

இரண்டாவது, நகர்த்தல். நம்பை, ஓப்பன் சீ.வி. ஆகியவற்றைக் கொண்டு அருகிலுள்ள புள்ளிகளைக் கூடுதலாகவும் தொலைவிலுள்ளவற்றைக் குறைவாகவும் பக்கவாட்டில் நகர்த்தினால் மற்றக் கண்ணுக்கான படம் கிடைக்கும். விலகல் படத்தின் அகலத்தில் 2 அல்லது 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் கண் வலிக்காது.

மூன்றாவது, நிரப்புதல். நகர்த்தும்போது தோளுக்குப் பின்னால் வெற்றிடம் தோன்றும். சுற்றியுள்ள நிறங்களைக் கொண்டு அதை நிரப்பும் வசதி ஓப்பன் சீ.வி.யிலேயே உண்டு.

தேடுபவர்கள் வழிதவறும் இடம் ஒன்றுண்டு. ஓப்பன் சீ.வி.யில் ‘ஸ்டீரியோ’ என்ற பெயரில் வரும் செயற்பாடுகள் பெரும்பாலும் நேரெதிரான வேலைக்கானவை. ஏற்கெனவே உள்ள இரண்டு படங்களிலிருந்து ஆழத்தைக் கணிப்பவை அவை. நமது தேவைக்கு ‘ஒற்றைப் பட ஆழக் கணிப்பு’ என்றே தேட வேண்டும். ஸ்டூடியோ நடத்துபவர்கள் உரிமத்தையும் பார்க்க வேண்டும்: மைடாஸை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், டெப்த் எனிதிங்கின் இரண்டாம் பதிப்பில் சிறிய மாதிரிக்கு மட்டுமே அந்த அனுமதி உண்டு.

எது உண்மை, எது ஊகம்?

முப்பரிமாணமாகத் தெரியும் மூக்கின் உயரம் அந்தப் பிள்ளையினுடையது அல்ல. இயந்திரம் கற்ற வேறு படங்களிலிருந்து வந்த ஊகம் அது. பழைய ஸ்டூடியோப் படங்களில் பின்னால் தொங்கும் திரையில் வரைந்த மலையையும் மாளிகையையும் அது உண்மையான தூரமாக எடுத்துக்கொள்ளக்கூடும். மடிப்புக் கோட்டைப் பொருளின் விளிம்பாகவும் கருதலாம்.

ஆகவே, இப்படி மாற்றிய படத்தை காணாமல் போனோர் அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ கொடுக்கக்கூடாது. மாற்றம் செய்த படம் ஆதாரத்தின் மீது கேள்வி எழுப்ப இடமளிக்கும். மூலப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்து, ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பைத் தொடாமல் தனியே வைக்க வேண்டும். பிரதியில் மட்டும் வேலை செய்து, ‘கணினியால் மாற்றப்பட்டது’ என்று அதிலேயே எழுத வேண்டும்.

செயலிகளை விட நூலகங்களை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. செயலிகள் பலவும் படத்தைத் தமது சேவையகத்துக்கு அனுப்புகின்றன. காணாமலாக்கப்பட்ட ஒருவரின் முகம் யாரிடம் போய்ச் சேருகிறது, எவ்வளவு காலம் அங்கே இருக்கும் என்பதை நாம் அறிய முடியாது. சிறிய மாதிரியை ஒருமுறை தரவிறக்கினால், சாதாரண மடிக்கணினியில் இணையமே இல்லாமல் இயக்கலாம். சற்று நேரமெடுக்கும், அவ்வளவுதான். கணினி படிக்கும் பிள்ளையொருவர் வீட்டிலோ அயலிலோ இருந்தால், படம் வீட்டை விட்டு வெளியே போகாமலே வேலை முடியும்.